சுத்தியலும் இரண்டு பொத்தான்களும்

அக்கா மகள் டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். போன மாதம் வாட்ஸ்அப்பில், “இந்த லீவுக்கு மதுரைக்கு வரலாம்ல?” என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் வந்தது. கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே உருவிக் காட்டிக்கொண்டு நிற்கிற வடிவேலு. டிக்கெட்டுக்குக் காசில்லையாம்.

“எந்தப் படம்னு சொல்லு பாப்போம்” என்றேன், மாமாவுக்கே உரிய பந்தாவோடு.

“படமா? இது ஸ்டிக்கர் மாமா.”

அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வடிவேலு படத்தைக்கூட முழுதாகப் பார்க்காத பிள்ளை. ஆனாலும் அந்த முகத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்கு வடிவேலு ஒரு நடிகர். அவளுக்கு அவர் ஓர் எழுத்து. ‘அ’ எந்தப் படத்தில் வந்தது என்று யாராவது கேட்பார்களா? நான் கேட்டிருக்கிறேன்.

மீம் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு கடன் பாக்கி இருக்கிறது. ஒரு காலத்தில் நானே மீம் பேஜ் நடத்தியவன். அந்தக் கதையில் பெருமைப்பட ஒரு பாதி, தலைகுனிய ஒரு பாதி. அவள் அனுப்பிய ஸ்டிக்கர் இரண்டையும் கிளறிவிட்டது.

முதலில் பெருமைப் பாதி. அதற்கு வடிவேலுவின் நேசமணியிடம் போக வேண்டும்.

2019 மே மாதக் கடைசி. பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படும் ஒரு சிவில் எஞ்சினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ஆங்காங்கே இருந்து ஆட்கள் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் போனார். இதன் பெயர் சுத்தியல், தட்டினால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் வைத்து நேசமணி தலையை அவருடைய அண்ணன் மகன் இதால்தான் உடைத்தான், பாவம் என்று மிக மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினார். கீழே இன்னொருவர் வந்து, இப்போது அவர் நலமா என்று விசாரித்தார். அவ்வளவுதான். மே 29 சாயங்காலம் தொடங்கி மறுநாளுக்குள் ‘ப்ரே ஃபார் நேசமணி’ ட்விட்டரின் உலகப் பட்டியலில் ஏறி உட்கார்ந்தது. மே 30 அன்று டெல்லியில் நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பிரதமராகப் பதவியேற்றார். தமிழ்நாடு அன்று ஒரு கற்பனைப் பெயின்டிங் கான்ட்ராக்டரின் மண்டைக் காயத்துக்குப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. மருத்துவமனை அறிக்கை வந்தது, ஐசியூ வாசலில் நிருபர் நின்றார், அண்ணன் மகனைப் பிடிக்கத் தனிப்படை அமைக்கப்பட்டது. எல்லாம் மீமில்.

நேசமணி வந்தது 2001-ல் சித்திக் இயக்கிய ‘ப்ரெண்ட்ஸ்’ படத்தில். அதுவே அவர் 1999-ல் மலையாளத்தில் எடுத்த படத்தின் மறு ஆக்கம்தான். அங்கே அந்த வேடத்தைச் செய்தவர் ஜெகதி ஸ்ரீகுமார். 2019-ல் வடிவேலு திரையில் அநேகமாக இல்லை. 2011 தேர்தல் பிரச்சாரத்துக்குப் பிறகு வாய்ப்புகள் சுருங்கி, அவ்வப்போது ஒரு படம் என்று ஆகிப்போயிருந்தது. தயாரிப்பாளர்கள் கூப்பிடாத ஒரு நடிகரை மீம் போடும் பையன்கள் தினமும் நூறு தடவை கூப்பிட்டு நடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிமாநில நண்பர்கள் அன்றைக்குக் குழம்பிப் போனார்கள். என்னோடு வேலை பார்த்த புனே பையன் உண்மையிலேயே வருத்தமான முகத்தோடு, “உங்க தலைவர் யாருக்கோ அடி பட்டிருச்சாமே” என்று விசாரித்தான். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். முடியவில்லை. படம், காட்சி, சுத்தியல் விழும் கணம், அதற்குப் பிறகு அந்த முகம் போகிற போக்கு எல்லாம் சொன்ன பிறகும் அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அது எங்கள் வீட்டு ஜோக். நீ வெளியாள்.

அடையாளம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதற்கு உள்ளே இவ்வளவு சின்ன விஷயம்தான் பல நேரம் இருக்கிறது: விளக்கம் தேவைப்படாமல் சிரிப்பது. ஊர்ச் சாவடியில் ஒரு பெரிசு பாதிப் பழமொழி சொல்லிவிட்டு நிறுத்துவார், மீதியைக் கேட்பவர்கள் மனசுக்குள் முடித்துக்கொள்வார்கள். முடிக்கத் தெரியாதவன் வேற்றூர்க்காரன். மீம் அந்த வேலையைத்தான் செய்கிறது. படத்தில் இருப்பது பாதி. மீதி, பார்க்கிறவன் மண்டையில்.

‘மீம்’ என்ற சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ல் தன் ‘செல்ஃபிஷ் ஜீன்’ புத்தகத்தில் உருவாக்கியபோது ஜீன் மாதிரி மனசுக்கு மனசு தாவும் எதையும் சொன்னார். பாட்டு, நம்பிக்கை, உடை ஃபேஷன் எல்லாம் சேர்த்தி. வடிவேலு அவர் கணக்கில் இல்லை. போகட்டும்.

எங்கள் ஃபேஸ்புக் பேஜ் 2013-ல் தொடங்கியது. எஞ்சினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல் அறையில் நாலு பேர். ஒருவன் டிவிடி சேகரிப்பவன். ஒருவன் போட்டோஷாப் தெரிந்தவன் (உரிமம் இல்லாத போட்டோஷாப், அந்தப் பாவம் தனி). ஒருவனுக்குப் பாமினியில் வேகமாகத் தட்டச்சு வரும். எனக்கு எதுவும் வராது, அதனால் நான் கன்டென்ட். விஎல்சியில் படத்தை ஓட விட்டு, முகம் சரியாக இருக்கிற நொடியில் நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே வெள்ளைப் பட்டையில் வசனம். அரியர், மெஸ் சாம்பார், பஸ்ஸில் ஜன்னலோரம், பெண் பார்க்கப் போன சீனியர். மூன்று வருஷத்தில் எண்பதாயிரம் லைக். திருமண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் தன் ஃபோனில் எங்கள் மீமை எனக்கே காட்டிச் சிரித்தார். என்னுடையது என்று சொல்லவில்லை. அந்தச் சுகம் எழுத்தாளர்களுக்குக்கூடக் கிடைக்காது.

அப்புறம் ஒரு நாள் ஒரு மீமைக் காணோம். நீக்கப்பட்டது, வன்முறையைத் தூண்டுகிறது என்று ஒரு வரி. என்ன மீம் என்றால், எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற அய்யனார். கையில் அரிவாள், முறுக்கு மீசை, பிதுங்கிய கண். கீழே, ‘இன்டர்னல் மார்க் போடாத சாரைத் தேடி’ என்று எழுதியிருந்தோம். சாமி அரிவாள் ஓங்கி நிற்பதைப் பார்த்தால் எங்கள் ஊரில் கும்பிடுவார்கள். தூரத்தில் இருந்த யாரோ, அல்லது எதுவோ, அதில் ஆயுதத்தைப் பார்த்திருக்கிறது. மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டோம். பதில் இல்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் அய்யனாரைத் தடை செய்தவர்களை வைத்தே ஆறு மீம் போட்டோம்.

அப்போது சிரித்துவிட்டு விட்டது, பின்னால் ஒரு தீர்ப்பைப் படித்தபோது ஞாபகம் வந்தது. ஃபேஸ்புக்கின் நீக்கல் முடிவுகளை மறுபடி விசாரிக்க ‘ஓவர்சைட் போர்டு’ என்று ஒரு மேற்பார்வை வாரியம் இருக்கிறது. 2021 மே மாதம் அது ஒரு மீமைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. இரண்டு பொத்தான் மீம் உங்களுக்கெல்லாம் தெரியும்: முன்னால் இரண்டு சிவப்புப் பொத்தான், எதை அழுத்துவது என்று தெரியாமல் வியர்த்து வழிகிற ஒரு ஆள். ஜேக் கிளார்க் என்கிற கார்ட்டூனிஸ்ட் 2014-ல் வரைந்தது. அமெரிக்காவில் இருந்த ஒருவர் 2020 டிசம்பரில், வியர்க்கும் ஆளின் முகத்தில் துருக்கிக் கொடியை வைத்தார். ஒரு பொத்தானில், ஆர்மீனிய இனப்படுகொலை என்பது பொய். மற்றதில், ஆர்மீனியர்கள் பயங்கரவாதிகள், அவர்களுக்கு அது தேவைதான். நடக்கவே இல்லை என்றும் சொல்ல வேண்டும், நடந்தது சரி என்றும் சொல்ல வேண்டும்; இரண்டையும் ஒரே வாயால் சொல்லும் அரசாங்கத்தின் அவஸ்தைதான் மீம்.

ஃபேஸ்புக் அதை நீக்கியது. பார்த்த இரண்டு ஊழியர்களில் ஒருவர் வெறுப்புப் பேச்சு என்றார், மற்றவர் பாதிக்கப்பட்டவர்களைக் கேலி செய்யும் கொடூரம் என்றார். இரண்டாம் பொத்தானில் இருக்கும் வாசகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் படித்தால் அது வெறுப்புப் பேச்சேதான். வாரியத்தில் பெரும்பான்மை உறுப்பினர்கள் மீமைத் திரும்பப் போடச் சொன்னார்கள். இது அந்த வாசகத்தைச் சொல்பவர்களைக் கிண்டல் செய்கிறது என்றார்கள். சிலர் ஒத்துக்கொள்ளவில்லை, நையாண்டி என்பது போதுமான அளவு தெளிவாக இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விவரம். நையாண்டிக்கு விலக்கு உண்டு என்று ஃபேஸ்புக்குக்குள் ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. ஆனால் வெளியே போட்டிருந்த விதிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை! கிண்டல் செய்யலாம், ஆனால் செய்யலாம் என்பது உனக்குத் தெரியக் கூடாது. இதற்கே ஒரு இரண்டு பொத்தான் மீம் போடலாம்.

ஒரு ஆள் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு மீம் போகும். அந்தத் தப்பை மிஷின் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வாரியத்தில் ஒரு வழக்கு இருக்கிறது, 2022 செப்டம்பர். கொலம்பியாவில் போலீஸ் அடிதடியைச் சித்தரிக்கும் ஒரு கார்ட்டூன். அதை யாரோ ஒரு மதிப்பீட்டாளர் நீக்க வேண்டியவற்றின் கிடங்கில் தவறாகச் சேர்த்துவிட்டார். கிடங்கில் ஒரு படம் விழுந்துவிட்டால், அதன் நகல் எங்கே யார் போட்டாலும் தானாகவே தூக்கப்படும். 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள், அதில் 98 சதவீதம் பேர் ஜெயித்தார்கள். இத்தனை பேர் ஜெயித்தும், வழக்கு வாரியம் வரை போகும் மட்டும் அந்தப் படம் கிடங்கிலேயே கிடந்தது. இது தப்பு என்று 200 பேர் சொன்ன பிறகும் 201-வது ஆளுக்கும் அதே தண்டனை. வாரியத்தின் பக்கத்தில் இருந்த அந்தக் கணக்கைப் படித்தபோது எங்கள் அய்யனார் ஞாபகம் வந்தார். அவரும் எந்தக் கிடங்கில் கிடக்கிறாரோ.

ஒரே படம் இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்று சந்தேகப்படுபவர்களுக்குப் பெப்பே என்கிற தவளை கதை. மேட் ஃப்யூரி 2005-ல் வரைந்த சாதுவான சோம்பேறித் தவளை. அமெரிக்காவில் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் அதைக் கடத்திக்கொண்டு போக, 2016 செப்டம்பரில் வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மனம் நொந்த ஃப்யூரி 2017-ல் தன் தவளைக்குத் தானே சவப்பெட்டி வரைந்தார். இரண்டு வருஷம் கழித்து ஹாங்காங் வீதிகளில் ஜனநாயகம் கேட்ட இளைஞர்கள் அதே தவளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அமெரிக்க அர்த்தம் அவர்களில் பலரை எட்டவே இல்லை. தவளை ஒன்றுதான். அதை ‘தடை’ அல்லது ‘அனுமதி’ என்ற இரண்டே பெட்டியில் போடச் சொன்னால் நீங்கள் எதில் போடுவீர்கள்?

இதுவரை படித்தால் நான் மீம் பையன்களின் வக்கீல் மாதிரித் தெரியும். இனி தலைகுனிகிற பாதி.

2014-ல் நாங்கள் ஒரு மீம் போட்டோம். மேலே ‘எதிர்பார்த்தது’ என்று எழுதி, சிவப்பாக ஒரு கதாநாயகி. கீழே ‘கிடைத்தது’, ஒரு பழைய நகைச்சுவைக் காட்சியில் கறுப்புச் சாயம் பூசி, பல்லை இளிக்க வைத்து நிறுத்தியிருந்த துணை நடிகை. யோசனை என்னுடையது. காட்சியைத் தேடி எடுத்தது நான். வசனம் நான். அந்த வாரத்தில் அதுதான் எங்களுக்கு அதிகமாக ஓடிய மீம். ‘மாப்ள சிரிச்சு முடியல’ என்று நூற்றுக்கணக்கில் வந்தது.

இரண்டு நாள் கழித்து பேஜ் இன்பாக்ஸில் ஒரு செய்தி. எங்கள் கல்லூரியிலேயே ஜூனியர் பெண். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. பேஜில் பெயர் கிடையாது. “அண்ணா, கீழ இருக்கறவங்க கலர்தான் நானும். எங்க கிளாஸ் பசங்க இதை எனக்கு டேக் பண்ணிட்டு இருக்காங்க. எடுத்துருங்க.” நாலு பேரும் படித்தோம். ஒருவன் எடுத்துவிடலாம் என்றான். நான் சொன்னது: “இதுக்கெல்லாம் எடுத்தா பேஜே நடத்த முடியாது மச்சி.” எடுக்கவில்லை. அவள் ரிப்போர்ட் அடித்திருக்கிறாள். தளத்தில் இருந்து அவளுக்கு, எங்கள் சமூக விதிகளை இது மீறவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்களுக்கே அனுப்பி, “சந்தோஷமா அண்ணா?” என்று கேட்டிருந்தாள். நாங்கள் அதை எங்கள் ரூமில் வெற்றி மாதிரிக் கொண்டாடினோம்.

அய்யனார் அரிவாள் வன்முறை. இது விதிமீறல் இல்லை. அரிவாளை மிஷினுக்குத் தெரியும். தமிழ் சினிமா கறுப்பு நிறத்தை வைத்து ஐம்பது வருஷமாகச் செய்துவரும் வேலை மிஷினுக்குத் தெரியாது. அந்தப் படத்தில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சாதிப் பெயர் இல்லை, இரண்டே இரண்டு சொல். விஷம் முழுக்கப் பார்க்கிறவன் மண்டைக்குள் இருக்கிற மீதிப் பாதியில். நேசமணிக்குச் சிரிக்க வைத்த அதே மீதிப் பாதி. ‘வீட்டு ஜோக்’ என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அந்த வீட்டுக்குள் யாரை எந்தத் திண்ணையில் உட்கார வைத்திருந்தோம் என்று அவள் எனக்குச் சொல்லிக் காட்டினாள். புரிய எனக்கு எட்டு வருஷம் ஆனது.

மொழி தெரியாத காவலாளி எவ்வளவு ஆபத்து என்பதற்கு என் சின்னக் கதையைவிடப் பெரிய சாட்சி இலங்கையில் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்கள் மீது வன்முறை வெடித்தபோது ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் ஓடிய வெறுப்புப் பதிவுகள் முறையிட்ட பிறகும் அகற்றப்படவில்லை. அரசாங்கம் அந்தத் தளங்களையே சில நாள் முடக்கியது. 2020 மே மாதம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மறுபக்கம், அதே தளத்தில் கார்த்திகை மாதம் வந்தால் என் ஈழ நண்பர்களின் பதிவுகள் காணாமல் போகும். புலிகள் ‘ஆபத்தான அமைப்புகள்’ பட்டியலில் இருப்பதால், பிரபாகரன் படம் என்றாலே பல நேரம் நீக்கம்; அதைப் போட்டவர் கொண்டாடினாரா, விமர்சித்தாரா, செத்துப்போன அண்ணனை நினைத்தாரா என்பது விஷயம் இல்லை.

சரி, தளங்களுக்குத்தான் தெரியவில்லை, அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். நம் அரசாங்கங்கள் கார்ட்டூன் பார்த்த லட்சணம் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்யும் ஒரு படத்தை மெயிலில் அனுப்பியதற்காகக் கைதானார். சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படத்தை வைத்துச் செய்த கிண்டல்; வங்காளத்து நேசமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த வழக்கிலிருந்து முழுசாக வெளியே வந்தது 2023 ஜனவரியில். கிட்டத்தட்ட பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதே 2012-ல் புதுச்சேரியில் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் பிடிக்கப்பட்டார். இப்படிப் பலரைப் பிடிக்க வசதியாக இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தூக்கி எறிந்தது. பிரிவு போனது, பழக்கம் போகவில்லை. 2017-ல் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீயில் கருகியதற்கு, முதல்வரையும் ஆட்சியரையும் போலீஸ் கமிஷனரையும் வரைந்து கார்ட்டூனிஸ்ட் பாலா போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. அவரைக் கைது செய்தார்கள். கைதுக்குப் பிறகு அந்தப் படம் இன்னும் நாலு மடங்கு சுற்றியது.

2023-ல் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன்னுடைய குழுவே முடிவு செய்யும் என்று விதியைத் திருத்தியது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா வழக்குப் போட்டார். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. கிண்டலுக்கு ஆளாகிறவரே நடுவராக உட்காருவது எந்த ஊர் ஜல்லிக்கட்டிலும் கிடையாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2021 விதிகளில் வரும் ‘முதன்முதலில் உருவாக்கியவர்’ என்ற விஷயம். ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், சில வகைக் குற்றங்களில் உத்தரவு வந்தால் ஒரு தகவலை நாட்டுக்குள் முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது; ஒருவரைத் தேட எல்லோர் செய்தியையும் அடையாளம் போட்டு வைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதை விடுங்கள். மீமுக்கு முதலாமவர் யார்? நேசமணியை எடுத்துக்கொள்வோம். கதை எழுதிய சித்திக்கா? நடித்த வடிவேலுவா? அவருக்கு முன்னால் நடித்த ஜெகதியா? சுத்தியல் படம் போட்ட பாகிஸ்தான் அட்மினா? பதில் போட்டவரா? நலம் விசாரித்தவரா? என்னைக் கேட்டால் நலம் விசாரித்தவர். அந்த அப்பாவிக் கேள்வி இல்லாவிட்டால் அது ஒரு கமென்டாகவே செத்திருக்கும். ஆனால் இதை நான் எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

முகம் யாருக்குச் சொந்தம் என்பது இதன் இன்னொரு முனை. வடிவேலுவின் முகத்தை வைத்து பேஜ்கள் விளம்பரம் வாங்கின. நாங்களே ஒரு பிரியாணிக் கடை திறப்புக்கு மீம் போட்டு ஆயிரம் ரூபாயும் நாலு பொட்டலமும் வாங்கினோம். அவருக்கு ஒரு பைசா போகவில்லை. 2023-ல் இந்தி நடிகர் அனில் கபூர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தன் பெயர், குரல், முகம், தன்னுடைய செல்லச் சொல் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வாங்கினார். அடுத்த வருஷம் ஜாக்கி ஷெராஃப் போனபோது, அவர் படத்தை வைத்துப் பொருள் விற்பவர்களைத் தடுத்த நீதிமன்றம், அவரைக் கெத்தாகக் காட்டி ஒரு யூடியூபர் செய்த ‘தக் லைஃப்’ வீடியோவைத் தடுக்க மறுத்தது. நியாயமான கோடு என்றே எனக்குப் படுகிறது. பிரியாணிக் கடைக்காக நாங்கள் போட்டது தப்பு, நேசமணி தப்பில்லை. ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் விமர்சனத்துக்கு இடம் உண்டே தவிர, பகடி என்ற சொல்லே கிடையாது. ஐரோப்பாவில் 2019-ல் புதுப் பதிப்புரிமை விதி வந்தபோது, மீமைக் கொல்கிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் கேலிச் சித்திரத்துக்கும் பகடிக்கும் பெயர் சொல்லியே விலக்குக் கொடுத்தார்கள். இங்கே யாரும் கூச்சல் போடவில்லை. எங்கள் பேஜ் 2017-ல் செத்ததும் பதிப்புரிமையால்தான். ஒரு பட நிறுவனம் தன் படக் காட்சிகளைப் பயன்படுத்தியதாக வரிசையாகப் புகார் கொடுக்க, ஒரு காலையில் எழுந்து பார்த்தால் பேஜே இல்லை. நாலு வருஷம், எண்பதாயிரம் பேர். ஹாஸ்டல் குரூப்பில் ஒருவன் மாலை போட்ட வடிவேலுவை அனுப்பினான். அதுதான் இறுதிச் சடங்கு.

என்னதான் வழி என்று கேட்டால் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. தமிழ் மீமைத் தீர்மானிக்கும் மேஜையில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அகராதித் தமிழ் போதாது. அய்யனாரையும் தெரிய வேண்டும், அந்த ஜூனியர் பெண்ணையும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மீமுக்குச் சில நொடி என்று கணக்கு வைக்காமல் நேரம் கொடுக்க வேண்டும். நிறுவனங்களுக்கு இதில் செலவு உண்டு, லாபம் இல்லை. அதனால் தானாகச் செய்ய மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மீமைத் தூக்கினால் சிரித்துவிட்டுப் போகாமல் மேல்முறையீடு செய்யுங்கள். கொலம்பியா கார்ட்டூன் வழக்கில் மேல்முறையீடு வாரியம் வரை போனதால்தான் கிடங்கில் பிழை இருந்ததே வெளியே தெரிந்தது.

கடைசியாக ஒரு விஷயம். 2022-ல், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு மீம் போட்டார். எதிர்பார்த்தது, கிடைத்தது. யாரோ எழுத்துருவை மாற்றி, தங்கள் பேஜ் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். ஆனால் காட்சி அதே நொடி. சாயம் பூசிய அந்தப் பெண்ணின் இடது கண் பாதி மூடியிருக்கும். அந்த நொடியை விஎல்சியில் தேடி நிறுத்தியவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? எங்கள் பேஜ் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. படம் சாகவில்லை. குரூப்பில் அக்காவும் இருக்கிறாள். அக்கா மகள் கறுப்பு. நான் சித்தப்பாவுக்குத் தனியாக ஃபோன் போட்டு எடுக்கச் சொன்னேன். எடுத்தார். ஏன் என்று கேட்டார், சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தப் படம் உங்கள் ஃபோனிலோ, உங்கள் குரூப்பிலோ இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். முதலில் போட்டது யார் என்று எந்த விதியை வைத்தும் தேட வேண்டாம். நான்தான்.